ஸ்டேஷன் இல்லாத ரயில்கள்

இந்தியாவில் ரயில் ஓட ஆரம்பித்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட, 1953 ஏப்ரல் 16-ம் தேதி நம் தபால் இலாகா ஒரு தபால்தலை வெளியிட்டது. விலை இரண்டணா. அதில் இரண்டு நீராவி எஞ்சின்கள். ஒன்று 1853-ல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்குப் போன காலத்தது. இன்னொன்று 1953-ம் வருஷத்தது. தாத்தாவையும் பேரனையும் ஒன்றாக நிற்கவைத்து ஸ்டுடியோவில் படம் எடுத்த மாதிரி இருக்கும்.

அந்தத் தபால்தலை உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய ஸ்டாம்ப் விற்கிற கடை எதிலும் அதிக விலை இல்லாமல் கிடைக்கும். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ரயிலில் யார் போகிறார்கள்? எங்கே ஏறினார்கள்? எங்கே இறங்குவார்கள்?

'ஒரு இன்ச் காகிதத்தில் இவ்வளவையும் எதிர்பார்க்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

தபால்தலை சேகரிப்பவர்களில் பல ஜாதி உண்டு. நாடு வாரியாகச் சேர்ப்பவர்கள், பறவை, பூ, கிரிக்கெட், காந்தி என்று விஷயம் வாரியாகச் சேர்ப்பவர்கள். இரண்டாவது வகையில் நீராவி எஞ்சின் ஆட்களுக்கென்று தனி உலகம் இருக்கிறது. அவர்களிடம் போய் 'ரயில் ஸ்டாம்ப்' என்று பொதுவாகச் சொன்னால் கோபம் வரும். டீசல் வேறு, எலெக்ட்ரிக் வேறு, நீராவி வேறு. அதிலும் எந்த வகுப்பு எஞ்சின், முன்னால் எத்தனை சக்கரம், எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம் என்று புட்டுப்புட்டு வைப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் ஆல்பத்தைப் புரட்டுவதே தனி சுகம். இரும்பையும் தண்ணீரையும் நெருப்பையும் வைத்துக்கொண்டு மனுஷன் செய்த பெரிய விளையாட்டுப் பொருள் அல்லவா அது!

இந்த மோகம் பழசு. கனடாவோடு சேர்வதற்கு முன்பு தனியாக இருந்த நியூ பிரன்ஸ்விக் என்ற பிரதேசம், 1860-ல் வெளியிட்ட ஒரு சென்ட் தபால்தலையில் நீராவி எஞ்சினைப் போட்டது. ஒரு நாட்டின் தபால்தலையில் ரயில் எஞ்சின் ஏறியது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். அதே வரிசையில் ஐந்து சென்ட் தபால்தலைக்கு, அங்கே தபால் இலாகாவின் தலைவராக இருந்த சார்லஸ் கானல் என்பவர் தன் முகத்தையே போட்டுவிட்டார்! ஊரே சிரித்தது. அந்தத் தபால்தலையைத் திரும்ப வாங்கினார்கள், மனுஷன் பதவியையும் விட்டார். அமெரிக்கா 1869-ல் மூன்று சென்ட் தபால்தலையில் எஞ்சின் போட்டபோது அங்கே வேறு விதமான தகராறு. ஜனாதிபதிகளின் முகம் இருந்த இடத்தில் புகைவண்டியும் கப்பலும் குதிரைக்காரனுமா என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அந்த வரிசை சுமார் ஒரு வருஷத்தில் நின்றுபோனது.

இந்த இரண்டு கதைகளையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆரம்பத்திலிருந்தே தபால்தலைக்கு ஒரு பழக்கம் உண்டு. அது முகத்தைத்தான் கேட்கும். ராணி முகம், ராஜா முகம், தலைவர் முகம். எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தபோது அதையும் ஒரு முகமாகத்தான் போட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் உட்காரவைத்த மாதிரி, பக்கவாட்டில் நிறுத்தி, துடைத்துப் பளபளப்பாக்கி, பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு. பெரும்பாலும் பெட்டிகள்கூட இருக்காது. கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் இருக்க மாட்டார். தண்டவாளம் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும்.

இதன் உச்சகட்டத்தை 1980களில் பார்த்தோம். பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு குட்டி நாடு. ஒன்பது தீவுகள், மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். ரயிலே கிடையாது. அந்த நாட்டின் பெயரில் உலகத்து நீராவி எஞ்சின்களெல்லாம் வரிசை வரிசையாகத் தபால்தலைகளில் வந்தன. யாருக்காக? துவாலுக்காரர்கள் கடிதம் போடுவதற்காக இல்லை, நம்மைப் போன்ற ஆல்பக்காரர்களுக்காக. அழகான அச்சு, துல்லியமான படம். ஆனால் அந்த எஞ்சினுக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. ஊரே இல்லாமல் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இடைசெவல் என்று ஒரு கிராமம். கரிசல் பூமி. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் மண், கோடையில் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய். நிழலுக்கு உடைமரம். இந்தச் சின்ன ஊர் தமிழுக்கு இரண்டு பெரிய எழுத்தாளர்களைக் கொடுத்தது. கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். ஒரே தெருக்காற்றில் வளர்ந்த சிநேகிதர்கள்.

இந்தப் பக்கம் ரயில் வந்தது 1876-ல். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட மீட்டர்கேஜ் பாதை, கோவில்பட்டி வழியாகப் போனது. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே, வெட்டவெளியில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் குமாரபுரம். கு.அழகிரிசாமி எழுதிய 'குமாரபுரம் ஸ்டேஷன்' சிறுகதையைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு கைகாட்டி மரம் இறங்கும்.

கதையை முழுசாகச் சொல்லி அதன் ருசியைக் கெடுக்க எனக்கு இஷ்டமில்லை. பக்கத்தில் ஊரே தெரியாத ஒரு ஸ்டேஷன். 'இங்கே யார் ஏறப் போகிறார்கள், யார் இறங்கப் போகிறார்கள், இதற்கு எதற்கு ஒரு ஸ்டேஷன்?' என்று நினைக்கிற, கல்வித் துறையில் இருக்கிற ஒரு பெரிய மனிதர். பிறகு ரயில் வருகிறது. கோவில்பட்டியில் படிக்கப் போகும் கிராமத்துப் பையன்கள் வருகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் முன்பின் தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் பிரியத்தைப் பார்க்கப் பார்க்க, அந்தப் பெரிய மனிதருக்குள் ஏதோ நடக்கிறது. குமாரபுரம் ஸ்டேஷனைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் தலைகீழாகிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. பெரிய சம்பவம் எதுவும் கிடையாது.

இப்போது அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். ரயிலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கதைகளில் ஒன்றுக்கு அழகிரிசாமி வைத்த பெயரில் ரயில் இல்லை. ஸ்டேஷன்தான் இருக்கிறது. அதுவும் யாருக்கும் தெரியாத ஸ்டேஷன். ரயில் எதற்கு வருகிறது? ஏறுகிறவனுக்காக. ஒரு எஞ்சின் எத்தனை டன் எடை என்பதைவிட, அது நின்ற இரண்டு நிமிஷத்தில் யார் ஏறினார்கள் என்பதுதான் அந்த வட்டாரத்துக்கு வாழ்க்கை. மேல்வகுப்புப் படிப்புக்குக் கோவில்பட்டிதான் போகவேண்டும் என்றிருந்த காலத்தில், கரிசல் கிராமத்துப் பையனுக்கு அந்த ஸ்டேஷன்தான் உலகத்தின் வாசல்.

இதைப் படித்துவிட்டு, நம் தபால்தலைகளைத் திரும்பவும் பார்த்தால் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

1976 மே மாதம் இந்தியத் தபால் இலாகா ரயில் எஞ்சின்களுக்கென்றே நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. சேகரிப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும். 25 பைசாவில் ஒரு டீசல் எஞ்சின். 50 பைசாவில் 1895-ம் வருஷத்து எஃப்-1 வகை. ஒரு ரூபாயில் டபிள்யூ.பி.-1 நீராவி எஞ்சின். இரண்டு ரூபாயில் 1853-ன் ஜி.ஐ.பி. எஞ்சின். நான்கும் நன்றாக அச்சான, கண்ணுக்கு இதமான தபால்தலைகள். அதிலும் அந்த டபிள்யூ.பி. இருக்கிறதே, துப்பாக்கிக் குண்டு மாதிரி மூக்கோடு, இந்திய நீராவி எஞ்சின்களில் சினிமா ஹீரோ அதுதான்.

ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? அந்த டபிள்யூ.பி. அகலப்பாதை எஞ்சின். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1.676 மீட்டர் வேண்டும் அதற்கு. அன்றைக்குக் கோவில்பட்டி வழியாகப் போனது ஒரு மீட்டர் அகலப் பாதை. அதாவது, 1976-ல் கோவில்பட்டி தபால் ஆபீஸில் அந்த ஒரு ரூபாய் தபால்தலையை வாங்கிய ஒரு பையன், தன் ஊருக்குள் காலெடுத்து வைக்கவே முடியாத ஒரு எஞ்சினின் படத்தைத்தான் வாங்கியிருப்பான். மீட்டர்கேஜ் பாதைகளில் பயணிகள் வண்டிகளை இழுத்துப் பேரெடுத்த ஒய்.பி. வகை எஞ்சின், ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கம்பெனி நூற்றுக்கணக்கில் செய்தது, அந்த நான்கில் இல்லை.

சரி, முழுக்கக் குறை சொல்ல முடியாது. 50 பைசா தபால்தலையில் இருக்கிற எஃப் வகை எஞ்சின், மீட்டர்கேஜ்தான். 1895-ல் அஜ்மீர் பட்டறையில் முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் எஞ்சின் அந்த வகையைச் சேர்ந்தது. ஒருவிதத்தில் கரிசல் பாதையில் ஓடிய வண்டிகளுக்கு அது தூரத்துப் பெரியப்பா. ஆனாலும் அது அங்கே நிற்பதற்குக் காரணம், அது 'முதல்' என்பது. தபால்தலைகளுக்கு முதல் வேண்டும், பெரியது வேண்டும், வேகமானது வேண்டும், அழகானது வேண்டும்.

1993-ல் மலை ரயில் எஞ்சின்களுக்கு நான்கு தபால்தலைகள் வந்தன. நேரல் - மாத்தேரான், டார்ஜிலிங், கால்கா - சிம்லா, நம் நீலகிரி. எட்டு ரூபாய் நீலகிரித் தபால்தலையைத் தமிழ்நாட்டு சேகரிப்பாளர்கள் பிரியமாக வைத்திருப்பார்கள். நானும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்த எஞ்சினைப் பார்த்து யாருக்குத்தான் பிரியம் வராது? 2009-ல் பாரம்பரிய ரயில் நிலையங்கள் என்று நான்கு வந்தன. அப்பாடா, ஸ்டேஷனுக்கு இடம் கிடைத்துவிட்டதே என்று பார்த்தால் ஹவுரா, மும்பை சி.எஸ்.டி., டெல்லி, சென்னை சென்ட்ரல்! மலைக்கு இடம் இருக்கிறது, மாநகரத்துக்கு இடம் இருக்கிறது. வெயிலில் வெந்து கிடக்கும் நடுக்காட்டு ஸ்டேஷனுக்குத்தான் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சின்னக் காகிதத்தில் இதையெல்லாம் காட்ட முடியுமா?

முடியும். காட்டியிருக்கிறார்கள்.

1937-ல், ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் ஒரு தபால்தலை வரிசை வந்தது. மூலையில் ராஜா தலை இருக்கும், அதை விடுங்கள். தபால் எப்படியெல்லாம் போகிறது என்பதுதான் அந்த வரிசையின் விஷயம். இரண்டணாவில் தபால்பையைச் சுமந்து ஓடும் ரன்னர். அப்புறம் மாட்டுவண்டி, குதிரை டோங்கா, ஒட்டகம். நாலணாவில் மெயில் ரயில். பிறகு கப்பல், லாரி, பன்னிரண்டணாவில் விமானம். இந்த வரிசையில் ரயில் ஒரு ஹீரோ கிடையாது. மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பக்கத்தில் நின்று, 'நானும் தபால் சுமக்கிறவன்தான்' என்று சொல்லும் ஒரு வேலைக்காரன். ரன்னரிடமிருந்து பையை வாங்கி மாட்டுவண்டி, மாட்டுவண்டியிடமிருந்து ரயில் என்று அந்த எட்டுத் தபால்தலைகளையும் அடுக்கிப் பாருங்கள். ஒரு கடிதம் நகர்வது தெரியும். நான் பார்த்த இந்திய ரயில் தபால்தலைகளில், என் மார்க் அந்த நாலணாவுக்குத்தான்.

இன்னொன்று, 1955 ஜனவரி 26-ல் வந்த ஐந்தாண்டுத் திட்ட வரிசை. எட்டணாவில் சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலை. வங்காளத்தில் 1950-ல் எஞ்சின் கட்ட ஆரம்பித்த இடம். அதே வரிசையில் வெறும் ஒன்பது பைசாவுக்கு, அந்தக் காலத்துச் சின்னப் பைசா, ஒரு தபால்தலை இருக்கிறது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கிணறு. நம் ஊர் பாஷையில் கமலை. தமிழ்நாட்டுச் சம்சாரி யாரைக் கேட்டாலும் அந்தப் படத்தைச் சட்டென்று அடையாளம் சொல்லிவிடுவார். எஞ்சினும் கமலையும் ஒரே ஆல்பப் பக்கத்தில்! நேருவின் இந்தியாவைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் எஞ்சின் ஸ்டாம்ப் சேர்ப்பவர் என்ன செய்வார்? எட்டணாவை எடுத்துக்கொண்டு ஒன்பது பைசாவைக் கழித்துவிடுவார். நாலணாவை எடுத்துக்கொண்டு ரன்னரையும் ஒட்டகத்தையும் விட்டுவிடுவார். ஏனென்றால் அவை 'தீம்'-ல் வராது. அங்கேதான் எனக்கு வருத்தம். தபால் இலாகா ஊரை அழித்துவிட்டு எஞ்சினை மட்டும் வரைந்தது ஒரு குறை. ஊரோடு சேர்த்து வரைந்த நேரத்திலும், நாம் கத்திரியை எடுத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் வெட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய குறை.

இது தபால்தலையோடு நிற்கிற விஷயமும் இல்லை. நீராவி ரயில் என்றதும் நம் எல்லோருக்கும் ஒரு 'ஆஹா' வருகிறது. ஊதல் சத்தம், கரிப்புகை, கண்ணில் விழும் தூசி. அந்தக் காலம் பொற்காலம் மாதிரி. 1990களோடு இந்தியப் பாதைகளில் அன்றாட நீராவி வண்டிகள் ஏறக்குறைய முடிந்துபோயின. கோவில்பட்டிப் பாதையும் அதே 1990களில் அகலப்பாதை ஆனது. போனது போனபின், அழகு மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் அந்தக் கரிசலில் எல்லாப் பையன்களும் ரயிலேறிப் பள்ளிக்கூடம் போய்விடவில்லை. மழை ஏமாற்றிய வருஷங்களில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறினார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏறிய பிள்ளைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஏறிய பிள்ளைக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பல சமயம் ஒரு மழைதான்.

தீப்பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டாம்ப் ஆல்பம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். தெருவில் பொறுக்கியது, டீக்கடை வாசலில் கிடந்தது. புலி, மயில், கப்பல், ரயில் எல்லாம் அதில் வரும். கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் அந்தப் படத்தை ஒட்டியது யார்? பல வீடுகளில் அம்மாவும் அக்காவும்தான். லண்டனிலோ நாசிக்கிலோ அச்சடித்த எஞ்சினைவிட, தன் வீட்டுத் திண்ணையில் பசை தடவி ஒட்டிய படம் ஒரு பிள்ளைக்கு நெருக்கமாக இருந்திருக்காதா? அதை எந்த எக்ஸிபிஷனிலும் ஸ்டாம்புக்குச் சமமாக வைக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி? ஊரை ஆல்பத்துக்குள் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. அது தபால்தலையின் மேலேயே இருக்கிறது. முத்திரை!

ஒரு கடையில் எஞ்சின் ஸ்டாம்ப் பாக்கெட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார்.

"எல்லாம் புத்தம்புதுசு சார். மேல ஒரு மை கிடையாது."

"முத்திரை விழுந்தது இருக்கா அண்ணாச்சி?"

"அது எதுக்கு சார், அழுக்கா இருக்குமே! வேணும்னா ஓரத்துல மட்டும் அழகா முத்திரை போட்டது தாரேன்."

அவர் எடுத்துக் கொடுத்த தபால்தலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பசை அப்படியே இருக்கிறது. ஒரு கடிதத்திலும் ஒட்டாமல், ஆல்பத்துக்காகவே அச்சகத்தில் முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு. பயணமே போகாத டிக்கெட்டை ஓட்டை போட்டு வைத்த மாதிரி.

நிஜமான முத்திரை அழுக்கு கிடையாது. அதுதான் ஸ்டேஷன். ஒரு கறுப்பு வட்டத்துக்குள் ஊர் பெயர், தேதி. 1953-ன் இரண்டணாத் தபால்தலை புதுசாக இருந்தால் அதில் இரண்டு எஞ்சின்கள் மட்டும்தான் இருக்கின்றன. அதே தபால்தலை மேல் 'கோவில்பட்டி' என்று இங்கிலீஷ் எழுத்தில் பாதி வட்டம் விழுந்திருந்தால், அந்த எஞ்சின் ஒரு ஊரில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. யாரோ ஒருவர் யாருக்கோ எழுதியிருக்கிறார். மகன் பணம் கேட்டிருக்கலாம். பருத்தி விலை விசாரித்திருக்கலாம்.

ரயிலிலேயே விழுந்த முத்திரைகளும் உண்டு. ஆர்.எம்.எஸ். என்று சிவப்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ரயில்வே மெயில் சர்வீஸ். ஓடுகிற ரயிலுக்குள் நின்றுகொண்டு, ஆடுகிற பெட்டியில், ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போட்ட மனிதர்கள் அவர்கள். தபால் ஆபீஸில் கட்டு போனபிறகு அவசரக் கடிதம் இருந்தால், ஸ்டேஷனுக்கு ஓடி, தாமதக் கட்டணம் கூடுதலாக ஒட்டி, அந்தப் பெட்டியிலேயே போட்டுவிட அன்றைக்கு முடிந்தது. அப்படிப் போட்ட ஒரு உறை கிடைத்தால், அதில் எந்தப் படம் போட்ட தபால்தலை ஒட்டியிருந்தாலும் சரி, ரயிலின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. அதில் காந்தி படம் இருந்தாலும் எனக்கு அது ரயில் ஸ்டாம்ப்தான்.

அழகிரிசாமி 1950களில் மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். கி.ரா. இடைசெவலிலேயே இருந்தார். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. சங்கீதமும் இலக்கியமும் ஊர் நினைப்புமாக இரண்டு நண்பர்களின் உலகம். கடல் தாண்டி வந்த கடிதம், கரிசல் காட்டுக்குள் வந்து சேர்வதற்கு ரயில், பஸ், தபால்காரரின் கால் என்று எத்தனை கை மாறியிருக்கும்! 1937 வரிசையில் வரைந்தார்களே, அதே சங்கிலிதான்.

ஆகையால் உங்களிடமோ உங்கள் வீட்டுப் பிள்ளையிடமோ ஒரு எஞ்சின் ஆல்பம் இருந்தால், அதைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். எஞ்சின்களை ரசியுங்கள். எத்தனை சக்கரம் என்று எண்ணுங்கள். கூடவே மூன்று காரியம் செய்யலாம். எட்டணா எஞ்சின் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒன்பது பைசாக் கமலையை வையுங்கள். பழைய கடித உறை கிடைத்தால், ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பிய்க்காமல், உறையோடு முழுசாக வையுங்கள். முத்திரையில் இருக்கிற ஊர் எந்தப் பாதையில் இருக்கிறது, அங்கே அன்றைக்கு எந்த வண்டி நின்றிருக்கும் என்று தேடிக் கீழே எழுதுங்கள். பிள்ளைக்கு பூகோளம் தானாக வரும்.

தபால் இலாகாவுக்கும் ஒரு விண்ணப்பம். எப்போதாவது கரிசல் ரயிலுக்கு ஒரு தபால்தலை போட நினைத்தால், ஓவியரிடம் எஞ்சினைச் சின்னதாக, தூரத்தில் வரையச் சொல்லுங்கள். வானத்தை நிறைய விடச் சொல்லுங்கள். ஒரு சின்ன பிளாட்பாரம், ஒரு உடைமரம், எண்ணெய் தடவி வாரிய தலையோடு நாலைந்து பையன்கள், கூட வந்த ஒரு பெரியவர். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் எழுத்து படிக்கிற மாதிரி இருக்கட்டும். குமாரபுரம் என்று.